சைரன் போட்டா எவ்வளவு வேகமும் போகலாமா? போலீஸ் வண்டிக்கும் ரூல்ஸ் இருக்கு... ஈ.சி.ஆர். கீழ்புத்துப்பட்டை வைத்து ஒரு விளக்கம்

கிழக்கு கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி புதுச்சேரி நோக்கி வந்தால், எல்லைக்குச் சற்று முன்னால் வரும் ஊர் கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்கு வருகிற கூட்டம், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருந்து ரோட்டைக் கடக்கும் மக்கள், மீன் கூடையோடு போகும் டூவீலர்கள், உப்பு லோடு லாரிகள், வார இறுதியில் சென்னையில் இருந்து பறந்து வரும் கார்கள் என எல்லாமே இந்த ஒரே ரோட்டில்தான்.

இரவு 11 மணி என்று வைத்துக்கொள்வோம். வாகனச் சோதனையில் கை காட்டியும் ஒரு கார் நிற்காமல் போகிறது. உள்ளே புதுச்சேரி மது பாட்டில்கள் இருக்கலாம். குடித்துவிட்டு ஓட்டுகிற யாரோ ஒருவர் இருக்கலாம். பயந்துபோன கல்லூரி மாணவராகவும் இருக்கலாம். ஓரமாக நிற்கும் ரோந்து வண்டியில் டிரைவராக இருக்கும் காவலர், அடுத்த 5 நொடிக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். துரத்துவதா, வேண்டாமா?

சினிமாவில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். நிஜத்தில் அப்படி இல்லை.

சைரன் போட்டால் சிக்னலை மீறலாமா?

மீறலாம், ஆனால் நிபந்தனையோடு. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை விதிகள்தான் இப்போது நாடு முழுக்க அமலில் இருக்கின்றன. 1989-ம் ஆண்டின் பழைய சாலை விதிகளுக்குப் பதிலாக வந்தவை இவை. அவசரப் பணியில் இருக்கும் வண்டிகளுக்கு முன்னுரிமை வரிசையும் இதில் உண்டு. முதலில் தீயணைப்பு வண்டி, அடுத்து ஆம்புலன்ஸ், அதற்குப் பிறகுதான் போலீஸ் வண்டி. ஆம்புலன்ஸும் போலீஸ் வண்டியும் ஒரே நேரத்தில் ஒரு சந்திப்புக்கு வந்தால், வழிவிட வேண்டியது போலீஸ் வண்டி.

உயிரைக் காப்பாற்ற, உடல்நலத்துக்கு வரும் பெரிய ஆபத்தைத் தடுக்க, தீயை அணைக்க, அத்தியாவசிய சேவையை உறுதிசெய்ய என்று வரும்போது சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பைக் கடக்கலாம், ஒருவழிப் பாதையில் எதிராகவும் போகலாம். அப்போதும் சைரனும் மின்னும் விளக்கும் போட்டிருக்க வேண்டும், மற்றவர்களுக்கு ஆபத்து வராதபடி உரிய கவனத்தோடு ஓட்ட வேண்டும். அதாவது சைரன் என்பது 'வழி விடுங்க' என்ற வேண்டுகோள் மட்டுமே. எதிரே வருகிறவருக்கு அது கேட்டதா, புரிந்ததா, அவர் ஒதுங்கிவிட்டாரா என்று பார்த்துத்தான் வண்டி சந்திப்புக்குள் நுழைய வேண்டும்.

பிரியாணி பார்சல் வாங்கப் போகும்போதும், அதிகாரியை வீட்டில் விடப் போகும்போதும் சைரன் போடுவது இந்த விதிக்குள் எங்கேயும் வராது. வி.ஐ.பி. கார்களின் சுழல் விளக்குகளையும் 2017 மே 1 முதல் கழற்ற வைத்தார்கள். எல்லாரும் அவசரம் என்று சொன்னால் உண்மையான அவசரத்துக்கு யாரும் ஒதுங்க மாட்டார்கள்.

போலீஸ் விதி மீறினால் டபுள் ஃபைன்!

இது பலருக்குத் தெரியாத விஷயம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 210பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவர்களே அதை மீறினால், சாதாரண ஆளுக்கு விதிக்கும் அபராதத்தைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்கிறது அது. ஹெல்மெட் போடாமல் போனால் சட்டப்படி 1,000 ரூபாய் என்றால், ஹெல்மெட் போடாத போலீஸ்காரருக்கு 2,000 ரூபாய். சீட் பெல்ட்டுக்கும் இதே கணக்குதான்.

அபராதத்தோடு முடிவதும் இல்லை. அலட்சியமாக ஓட்டி உயிரிழப்பு ஏற்பட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. காக்கிச் சட்டை போட்டிருந்தாலும் அந்தப் பிரிவு பொருந்தும். வழக்கு பதிவாகி, துறை விசாரணையும் வந்து, பதவி உயர்வு வருஷக்கணக்கில் நிற்பது டிரைவர் காவலர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை.

எல்லை தாண்டித் துரத்தலாமா?

கீழ்புத்துப்பட்டில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இங்கிருந்து தெற்கே போனால் கனகசெட்டிக்குளம், காலாப்பட்டு எல்லாம் புதுச்சேரி. பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் வந்தால் மறுபடியும் தமிழ்நாடு. முத்தியால்பேட்டை மறுபடி புதுச்சேரி. ஒரே ரோட்டில், சில கிலோமீட்டருக்குள், மூன்று முறை எல்லை மாறுகிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்த நிலம் அப்படியே தொடர்வதால் வந்த குழப்பம் இது.

'எல்லை தாண்டிட்டா போலீஸால ஒண்ணும் பண்ண முடியாது' என்பது தப்பான நம்பிக்கை. வாரண்ட் இல்லாமல் கைது செய்ய அதிகாரம் இருக்கும் ஒரு நபரை, இந்தியாவின் எந்த இடத்துக்குள்ளும் பின்தொடர்ந்து போய்ப் பிடிக்கலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 45-வது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதே விஷயம் 48-வது பிரிவாக இருந்தது.

எனவே துரத்த சட்டத்தில் தடை இல்லை. இந்த ரோட்டில், இந்த நேரத்தில், இந்தக் குற்றத்துக்காகத் துரத்துவது தகுமா என்பதுதான் கேள்வி. காலாப்பட்டில் புதுச்சேரி பல்கலைக்கழகம் இருக்கிறது, மாணவர்கள் இரவிலும் ரோட்டைக் கடக்கிறார்கள். அங்கே 110 கி.மீ. வேகத்தில் ஒரு காரும், அதன் பின்னால் இன்னொரு வண்டியும் போனால், ஆபத்து இரட்டிப்பாகிறது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. மது, சாராயக் கடத்தல் என்றால் சின்ன விஷயம் என்று இந்தக் கரையோரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து 10-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 'விட்டுடுங்க, போகட்டும்' என்று சொல்வது எளிது. விட்ட வண்டியில் என்ன இருந்தது என்று மறுநாள் தெரியும்போது அதே போலீஸைத்தான் ஊரே கேள்வி கேட்கும். ரோந்து வண்டிக் காவலரின் சங்கடம் இதுதான்.

துரத்தல் தவறாகப் போனால்...

2018 மார்ச் 7, திருச்சி. துவாக்குடி பகுதியில் ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு தம்பதியின் பைக்கை, போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் துரத்திச் சென்று எட்டி உதைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டது. பைக் கவிழ்ந்து பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி உயிரிழந்தார். திருவெறும்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நெடுஞ்சாலையை மறித்தார்கள். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். எதற்காக ஹெல்மெட்? தலையைக் காப்பாற்ற. அந்தச் சோதனையே ஓர் உயிரைப் பறித்ததுதான் மக்களைக் கொதிக்க வைத்தது.

அடுத்த ஆண்டே, 2019 நவம்பரில், கேரள உயர் நீதிமன்றம் இதே விஷயத்தில் தெளிவாகச் சொன்னது. ஹெல்மெட் போடாதவர்களைத் துரத்திப் பிடிக்கக் கூடாது, கேமராவில் பதிவு செய்து நடவடிக்கை எடுங்கள் என்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஏ பிரிவும் கேமரா மூலம் கண்காணிக்கும் வழியைத்தான் காட்டுகிறது. நம்பர் பிளேட் கையில் இருக்கும்போது காலால் உதைக்க வேண்டிய தேவை என்ன?

துரத்துகிறவரே பலியான சம்பவங்களும் உண்டு. 2021 நவம்பர் 21 அதிகாலை, திருச்சி நவல்பட்டு காவல் நிலைய சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பூமிநாதன், ஆடு திருடர்களை பைக்கில் பல கிலோமீட்டர் துரத்திச் சென்று புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே மடக்கினார். அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பு 2018 மே மாதம், நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் மணல் கடத்தலைத் தடுக்கப்போன காவலர் ஜெகதீஷ் துரை கொல்லப்பட்டார். இரண்டு பேருமே கடைசி நேரத்தில் தனியாக இருந்தார்கள்.

வண்டி ஓட்டும் திறமையோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. பைக்கில் தனியாகத் துரத்துகிற காவலரால் மைக்கில் பேச முடியாது. எங்கே இருக்கிறார் என்று கண்ட்ரோல் ரூமுக்குத் தெரியாது. இரண்டு கையும் ஹேண்டில்பாரில், கண் முன்னால் போகும் வண்டியில். துரத்தல் முடியும் இடத்தில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை.

ஒரு நிமிஷம் மிச்சம், 32 மீட்டர் நஷ்டம்

வேகத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. கீழ்புத்துப்பட்டில் இருந்து 10 கி.மீ. தள்ளி ஒரு விபத்து, ரோந்து வண்டி போக வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் போனால் ஏழரை நிமிஷம். 100-ல் போனால் 6 நிமிஷம். 120-ல் போனால் 5 நிமிஷம். 100-ல் இருந்து 120-க்கு ஏற்றியதில் மிச்சமாவது ஒரே ஒரு நிமிஷம். அதுவும் வழியில் ஒரு மாடுகூட குறுக்கே வராமல் இருந்தால்.

இப்போது பிரேக் பக்கம் வருவோம். ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைப்போம். காய்ந்த நல்ல ரோடு, நல்ல டயர். 60 கி.மீ. வேகத்தில் வண்டி முழுசா நிற்க சுமார் 45 மீட்டர் தேவை. 80-ல் சுமார் 69 மீட்டர். 100-ல் 97. 120-ல் கிட்டத்தட்ட 129 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். அந்த ஒரு நிமிஷத்துக்காகக் கொடுத்த விலை 32 மீட்டர்.

மழை பெய்தால் கதையே வேறு. ஈர ரோட்டில் பிடிமானம் குறைந்து, 100 கி.மீ. வேகத்தில் நிற்கவே 135 மீட்டருக்கு மேல் போய்விடலாம். சாதாரண ஹெட்லைட்டில், லோ பீமில், அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது. அதாவது ஆள் கண்ணில் படும்போதே மோதல் உறுதியாகிவிட்டது. உப்பளத் தொழிலாளர்கள் வெயிலுக்கு முன்பே வேலையைத் தொடங்க இருட்டோடு கிளம்புகிறார்கள். சைக்கிளில் பின்பக்க ரிஃப்ளெக்டர் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மார்கழி, தை மாதங்களில் கழுவெளி ஏரிப் பக்கம் அதிகாலைப் பனி வேறு.

2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம். நாடு முழுக்க அந்த ஆண்டு நடந்த சாலை மரணங்களில் 10-ல் 7 அதிவேகத்தால் நடந்தவை. இந்தப் புள்ளிவிவரத்தை மக்களுக்கு எடுத்துச் சொல்கிற துறையே காவல்துறைதான்.

நல்ல போலீஸ் டிரைவர் எப்படி ஓட்டுவார்?

இதில் பழைய பாடம் ஒன்று லண்டனில் இருக்கிறது. 1930-களில் லண்டன் போலீஸ் வண்டிகள் அதிகமாக விபத்தில் சிக்கின. 'வேகமாக ஓட்டத் தெரிந்தால் போதாது' என்று புரிந்துகொண்டு ஹென்டன் என்ற இடத்தில் போலீஸுக்கென்றே டிரைவிங் பள்ளி தொடங்கினார்கள். கார் பந்தய அனுபவம் உள்ள காட்டன்ஹாம் பிரபுவை வைத்துப் பாடத்திட்டத்தைச் சீர்படுத்தினார்கள். விபத்து விகிதம் சரசரவென இறங்கியது. அந்தப் பாடம்தான் பின்னாளில் 'ரோட்கிராஃப்ட்' என்ற கையேடாக 1955-ல் வெளிவந்தது. இன்றைக்கும் பிரிட்டன் போலீஸ் டிரைவர்களின் அடிப்படைப் புத்தகம் அதுதான்.

அதன் சாரம் எளிமையானது. ஒரு வளைவோ சந்திப்போ வருகிறது என்றால், முதலில் தகவல் சேகரி: முன்னால் என்ன, பின்னால் யார், ஓரத்தில் என்ன. அடுத்து ரோட்டில் வண்டியின் இடத்தைச் சரிசெய். பிறகு வேகத்தைக் குறை. அதற்கேற்ற கியருக்கு வா. கடைசியில்தான் ஆக்சிலேட்டர். இந்த வரிசை மாறக் கூடாது. நம்ம ஊரில் பல பேர் செய்வது தலைகீழ்: வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் பிரேக் மேல் கால் போகும். உயரமான ஜீப் வகை வண்டிகளில் இது இன்னும் ஆபத்து. வண்டியின் எடை மேலே இருப்பதால், வளைவில் திடீரென ஸ்டியரிங்கை ஒடித்து பிரேக்கும் பிடித்தால் கவிழ்ந்துவிடும்.

இன்னொரு பயிற்சி இருக்கிறது, செலவே இல்லாதது. ஓட்டும்போது கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். 'இடது பக்கம் பஸ் நிக்குது, முன்னாடியிருந்து யாராவது ஓடி வரலாம்... கோயில் வளைவு, ஆட்டோ திரும்பப் போகுது... எதிர்ல லாரி ஹை பீம், ஓரத்துல சைக்கிள் தெரியல, வேகத்தைக் குறைக்கறேன்.' கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் வாய் பேச வேண்டும் என்றால் கண் தேடியாக வேண்டும். எதைப் பார்க்காமல் விடுகிறோம் என்று பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளருக்கு உடனே தெரிந்துவிடும். கீழ்புத்துப்பட்டு முதல் மரக்காணம் வரை இப்படிப் பேசிக்கொண்டே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால், தினமும் போகிற ரோட்டில் எத்தனை ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று புரியும்.

துரத்தும்போது வரும் மனநிலைக்கும் அங்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'சிவப்பு மூடுபனி'. இதயம் படபடக்கும், பார்வை சுருங்கி முன்னால் போகும் வண்டி மட்டுமே தெரியும், பக்கத் தெருவில் இருந்து வரும் டூவீலர் தெரியாது. 'என் கையை மீறிப் போறானா' என்ற வீம்பும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் பிரிட்டனில் துரத்தலைத் தொடர்வதா விடுவதா என்ற முடிவு ஓட்டுகிறவர் கையில் மட்டும் இல்லை. கண்ட்ரோல் ரூமில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் அதிகாரி 'நிறுத்து' என்றால் நிறுத்தியாக வேண்டும். தனிப் பயிற்சி பெறாத டிரைவர் துரத்தலைத் தொடரவும் முடியாது.

துரத்தலுக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே காற்று மாறுகிறது. போலீஸ் உயரதிகாரிகளின் ஆய்வு மன்றமான 'பெர்ஃப்' 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியில், வன்முறைக் குற்றம் நடந்திருந்து, அந்த நபரால் உடனடி ஆபத்தும் இருந்தால் மட்டுமே துரத்துங்கள் என்று பரிந்துரைத்தது. சந்தேக நபரைப் பிறகு பிடிக்கலாம், போன உயிர் திரும்பாது என்பது அவர்கள் வாதம்.

அப்போ அந்த 5 நொடியில் என்ன செய்யலாம்?

முதலில் கை மைக்குக்குப் போக வேண்டும், கியருக்கு அல்ல. வண்டி நம்பர், நிறம், போகும் திசை, உள்ளே எத்தனை பேர். இந்த நான்கும் கண்ட்ரோல் ரூமுக்குப் போய்விட்டால், தெற்கே அடுத்த சோதனைச் சாவடியும் புதுச்சேரி போலீஸும் தயாராகிவிடலாம். ஈ.சி.ஆரில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பெரும்பாலும் உப்பளமும் ஏரியும். தப்பிக்கிறவருக்குக் கிளை ரோடு குறைவு. எவ்வளவு வேகமான காரும் வயர்லெஸ்ஸை முந்த முடியாது.

இடைவெளி விட்டுப் பின்தொடர்வதும் ஒரு வழி. பின்னால் யாரும் நெருக்கவில்லை என்று தெரிந்தால் ஓடுகிறவர் வேகத்தைக் குறைக்க வாய்ப்பு அதிகம். பக்கவாட்டில் நெருக்குவது, குறுக்கே வண்டியைப் போடுவது, லத்தியை வீசுவது, உதைப்பது இதெல்லாம் பைக் என்றால் கிட்டத்தட்ட மரண தண்டனை மாதிரிதான்.

சீட் பெல்ட்... 'அவசரமா இறங்கணும் சார்'

போலீஸ் வண்டிகளில் பெல்ட் போடாததற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் இது. இறங்கும்போது லத்தி சிக்கும், பிஸ்டல் உறை மாட்டும், ஓடுகிறவனைப் பிடிக்க முடியாது. பழகினால் பெல்ட்டைக் கழற்ற ஒரு நொடி போதும். வண்டி நிற்கப்போகும் கடைசி சில மீட்டரில் கழற்றிக்கொள்ளலாம். பெல்ட் போடாமல் மோதினால் ஏர்பேக்கே முகத்தில் அடித்துக் காயப்படுத்தும், ஏனென்றால் அது பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்ய வடிவமைத்த பொருள். பின்னால் பக்கவாட்டு சீட்டில் ஐந்தாறு பேர் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்து போகும் பந்தோபஸ்து பயணங்கள் இதைவிட மோசம். அங்கே பெல்ட்டே இருக்காது. அந்த வண்டியில் ஆள் ஏற்றிய பிறகு 100-ஐத் தொடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தூக்கம் என்ற எதிரி வேறு. பகலில் கோயில் பந்தோபஸ்து, இரவில் ரோந்து, காலையில் கோர்ட். அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை உடம்பு தானாகவே தூங்கப் பார்க்கும். டீ குடித்து, முகம் கழுவி, பாட்டுப் போட்டு சமாளிப்பது சில நிமிஷங்களுக்குத்தான் உதவும். ஓரம்கட்டி 20 நிமிஷம் கண் மூடுவதுதான் நிஜமான மருந்து. தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு தரும் அரசாணை 2021-ல் வந்தது. ஆள் பற்றாக்குறை இருக்கும் ஸ்டேஷனில் அது எத்தனை டிரைவர்களுக்கு ஒழுங்காகக் கிடைக்கிறது என்பதை அந்தந்த ஸ்டேஷன் எழுத்தரிடம்தான் கேட்க வேண்டும்.

டியூட்டிக்கு வரும்போதும் போகும்போதும் டூவீலரில் செல்கிற காவலர்கள் நிலையும் இதேதான். 2024 நவம்பரில் மதுராந்தகம் அருகே நெடுஞ்சாலையில் பைக்கில் போன இரண்டு பெண் போலீஸார் கார் மோதி உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டோம்.

ரோட்டில் நிற்பதும் ஒரு திறமைதான்

வாகனச் சோதனையின்போது போலீஸ்காரர் எங்கே நிற்கிறார் என்பதில் அவர் உயிர் இருக்கிறது. வளைவு முடிந்த உடனே, மரத்து நிழலில், பேரிகேட்டை ஒளித்து வைத்துத் திடீரென கை காட்டுவது வேலைக்கு ஆகாது. 80-ல் வருகிறவருக்கு நிற்கவே 69 மீட்டர் வேண்டும். எனவே நேரான ரோட்டில், 'சோதனை' பலகையும் கோன்களும் 100 மீட்டருக்கு முன்பே தெரியும்படி, வெளிச்சத்தோடு இருக்க வேண்டும். காக்கி இரவில் தெரியாது. ஒளிரும் ஜாக்கெட் தெரியும். வண்டியைச் சற்றுச் சாய்த்து நிறுத்தி, அதன் பின்பக்கம் நிற்காமல் ரோட்டுக்கு வெளியே நின்று பேசுவது நல்லது. பின்னால் வருகிறவர் மோதினால் முதல் அடி நின்ற வண்டிக்குப் போகும். நிற்காத வண்டிக்கு முன்னால் பாய்வது வீரம் இல்லை. 1,500 கிலோ இரும்பு யாருக்கும் சல்யூட் அடிக்காது.

போலீஸ் வண்டி மோதினால் நஷ்டஈடு யார் தருவார்கள்?

அரசு வண்டிகளுக்குக் கட்டாய மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸில் இருந்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு விலக்கு தருகிறது. இன்ஷூரன்ஸ் இல்லையே, பணம் வராதோ என்று பயப்பட வேண்டாம். அரசே தர வேண்டும். இதற்கு அடிப்படை போட்டது ஒரு பழைய ஜீப். 1952-ல் உதய்ப்பூர் கலெக்டரின் ஜீப்பை ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓட்டிவந்த அரசு டிரைவர், நடந்துபோன ஒருவர் மீது மோதினார். அவர் இறந்துபோனார். 'அரசு இறையாண்மை உள்ளது, பொறுப்பேற்காது' என்று ராஜஸ்தான் அரசு வாதாடியது. 1962-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த 15,000 ரூபாய் நஷ்டஈடு உறுதியானது. பாதிக்கப்பட்டவர்கள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். மோதிய வண்டியின் நம்பர், நேரம், இடம், ஆஸ்பத்திரியில் எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல் இவற்றைப் பத்திரப்படுத்துவது முக்கியம்.

பின்னால் சைரன் கேட்டால் நீங்கள் செய்ய வேண்டியது

பதறி நடுரோட்டில் பிரேக் போடக் கூடாது. இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, இடது பக்கம் ஒதுங்குங்கள். முதல் வண்டி போன உடனே ரோட்டுக்கு வராதீர்கள், பின்னால் இன்னொன்று வரலாம். அந்த வண்டிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு டிராஃபிக்கைத் தாண்டுகிற பழக்கம் ரொம்ப ஆபத்தானது. அவசர வண்டிக்கு வழிவிடாமல் இருந்தால் 194இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் இந்த 10,000 ரூபாய் அபராதம் அமலில் உள்ளது.

சோதனையில் கை காட்டினால் நின்றுவிடுங்கள். ஹெல்மெட் இல்லாததற்கு வரும் 1,000 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து ஓடுவதில் எந்த லாபமும் இல்லை. நம்பர் கேமராவில் பதிந்திருந்தால் செலான் எப்படியும் போனுக்கு வரும்.

மரக்காணம் முதல் புதுச்சேரி வரை 46 கி.மீ. தூரத்தை 4 வழிச் சாலையாக்க 2025 ஆகஸ்ட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. மதிப்பு 2,157 கோடி ரூபாய். நடுவில் தடுப்பு வந்தால் நேருக்கு நேர் மோதல்கள் குறையும். ஆனால் ரோடு அகலமானால் வேகமும் கூடும். வேலை முடியும் வரை கரடுமுரடான மாற்றுப்பாதைகளும், இருட்டில் நிற்கும் கட்டுமான லாரிகளும் இருக்கும். கீழ்புத்துப்பட்டு முகாம் வாசலில் நடந்து ரோட்டைக் கடக்கிறவர்களுக்கு எங்கே வழி விடப்போகிறார்கள் என்பதை ரோந்து வண்டி டிரைவர்களும் இப்போதே பார்த்துவைப்பது நல்லது.